பன்னிரண்டரை மில்லி

"இது என் நெஞ்சே இல்லைன்னு ஒரு மனுஷன் சாதிச்சா, அவரை எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது டீச்சர்? நெஞ்சு டாக்டர்கிட்டயா, மண்டை டாக்டர்கிட்டயா?"

ஸ்கேன் சென்டர் வாசலில் காரைத் திருப்பிக்கொண்டே சைரன் கேட்டார். இருபத்தெட்டு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. அவர் ஓய்வு பெற்றது உத்தியோகத்தில் இருந்துதான், வேகத்தில் இருந்து இல்லை. இப்போதும் அவர் ஒரு வளைவு வளைத்தால் நடைபாதையில் போகிறவர்கள் நின்று, வண்டிக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

"முதல்ல பிரேக் போடுங்க. டாக்டரை அப்புறம் தேடலாம்" என்றார் டீச்சர்.

டீச்சர் பதினைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திவிட்டு, ஒருநாள் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவர் கட்சி. பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதினவனுக்கு விடை சரியாக வந்துவிடும், நடுவில் வருகிற ஒரு வரியில் மாட்டிக்கொள்வான் என்பார். சைரன் படிக்கிற காலத்தில் நடு வரியே எழுதினது கிடையாது.

விஷயம் இதுதான். நேற்றுக் காலை ஆபீசுக்கு ஒரு தையல்காரி வந்தாள். அவள் கணவன் உயரமான கட்டடங்கள் கட்டுகிற இடத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஏணியில் இருந்து இறங்கும்போது அரை நிமிடம் மயங்கி விழுந்தான். கம்பெனி டாக்டர், கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி இதயத்தை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். எடுத்தார்கள். இதயச் சுவரில் பெரிய தழும்பு இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. எந்த நிமிடமும் துடிப்பு தறிகெட்டு ஓடி நின்றுபோகலாம், நெஞ்சுக்குள் ஒரு மின்கருவி வைத்தே ஆகவேண்டும், அதுவரை மாடிப்படி கூட ஏறக்கூடாது என்று சொல்லி, நாளை மறுநாளைக்கு ஆஸ்பத்திரியில் படுக்கையும் ஒதுக்கிவிட்டார்கள்.

கிரேன்காரன் அசையவில்லை. 'அது என் நெஞ்சு இல்லை' என்ற ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எட்டு நாளா இதையேதான் சொல்றார். சோறு இறங்கல, தூக்கம் இல்ல" என்று அந்தப் பெண் நேற்று அழுதிருந்தாள். "படம் மாறிப் போயிருக்குன்னு நீங்க நிரூபிச்சுக் கொடுங்க. இல்ல, மாறலன்னாவது நிரூபிச்சுக் கொடுங்க. இழுத்துட்டாவது போயிடுவேன். ரெண்டுல எதுன்னு தெரியாம நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க."

அந்தக் கேள்வி சைரனை இராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லை. படம் மாறவில்லை என்றால் கிரேன்காரன் பிடிவாதத்தாலேயே சாகப்போகிறான். மாறியிருந்தால், தன் நெஞ்சில் தழும்பு இருப்பது தெரியாமல் வேறு யாரோ ஒருவர் எங்கேயோ படியேறிக்கொண்டு இருக்கிறார். எப்படிப் பார்த்தாலும் ஒரு ஆள் ஆபத்தில் இருக்கிறார். எந்த ஆள் என்பதுதான் தெரியவில்லை.

*

'காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கிறது' என்று எழுதிய கதவுக்கு இந்தப் பக்கம், கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறையில் டெக்னீஷியன் பெண் அவர்களை உட்கார வைத்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணைச் சுற்றிக் கருவளையம். படம் மாறிவிட்டது என்று கிரேன்காரனின் புகார் வந்த நாளில் இருந்து மேனேஜர் அவளோடு எழுத்தில்தான் பேசுகிறாராம்.

"பன்னிரண்டு வருஷ சர்வீஸ். ஒரு படம் மாறினது கிடையாது" என்றாள். குரலில் கோபத்தைவிட அயர்ச்சிதான் இருந்தது. "ஆனா மாறலன்னு எப்படி நிரூபிக்கறது? நான் சொன்னா யார் நம்புவாங்க?"

"நாங்க சண்டை போட வரல. எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, போதும்" என்றார் டீச்சர். கிரேன்காரன் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதத்தை மேஜைமேல் வைத்தார். அந்தக் கையெழுத்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது என்று தையல்காரி சொல்லியிருந்தாள்.

டெக்னீஷியன் திரையில் ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். கறுப்பாக ஒரு வளையம், அதன் ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஒரு பட்டை.

"கறுப்பா இருக்கறது நல்ல தசை. வெள்ளையா இருக்கறது தழும்பு. மருந்து இல்லாம எடுத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மருந்து ஏத்தினா எல்லா இடத்துக்கும் போகும். பத்து நிமிஷம் காத்திருந்தா நல்ல தசையில இருந்து வடிஞ்சு போயிடும். தழும்புல மட்டும் தேங்கி நிக்கும்."

"மழை விட்டதும் ரோடு காஞ்சிடும், குழியில மட்டும் தண்ணி நிக்கும். அந்த மாதிரி" என்றார் சைரன்.

அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அதேதான் சார். பேஷண்டுக்கெல்லாம் இனிமே இப்படியே சொல்றேன்."

"சொல்லுங்க. குழி எங்கெங்க இருக்குன்னு எனக்கு மனப்பாடம். எல்லாத்துலயும் இறங்கி ஏறியிருக்கேன்."

டீச்சர் அந்த வெள்ளைப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு மருந்து ஏத்தி எத்தனை பேருக்கு எடுத்தீங்க?"

"ஆறு பேர்." அவள் ஒரு பதிவேட்டைத் திறந்தாள். மற்றவர்களின் பெயர்மேல் அளவுகோலை வைத்து மறைத்துக்கொண்டு காட்டினாள். நேரம், ஸ்கேன் எண், மருந்தின் அளவு என்று மூன்று கட்டங்கள். "ஒவ்வொரு படத்துலயும் எண்ணும் நேரமும் தானா விழுந்துடும். இங்க நான் கையால எழுதறதும் அதுவும் ஒத்துப்போகணும். பாருங்க, ஒத்துப்போகுது. பேரையும் பிறந்த தேதியையும் நாங்க வாசிச்சுக் காட்டி ஆமான்னு தலையாட்டச் சொல்றதில்ல. அவங்க வாயாலயே சொல்லணும். மூணு இடத்துல கேட்போம். அவரும் மூணு இடத்துலயும் சரியாத்தான் சொன்னார்."

"என்னை மூணு தடவை கேட்டா மூணாவது தடவை எனக்கே சந்தேகம் வந்துடும்" என்றார் சைரன்.

"அவருக்கு வரல. சிரிச்சுக்கிட்டே சொன்னார். உள்ள படுக்கும்போதும் சிரிப்புதான். பயந்ததெல்லாம் துணைக்கு வந்தவர்தான். அந்த பெஞ்சு நிறைய உட்கார்ந்துக்கிட்டு வேர்த்து வழிஞ்சார். நான்தான் தண்ணி கொடுத்தேன்."

டீச்சரின் பேனா நின்றது. "அந்த மருந்து உடம்புல ஏறும்போது எப்படி இருக்கும்?"

"கை வழியா சில்லுனு ஏறும். சில பேருக்கு வாயில காசைச் சப்பின மாதிரி ருசி வரும். நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியாது."

"உடம்பெல்லாம் நெருப்பு ஓடின மாதிரி இருக்காதா? உடுப்பு நனைஞ்சிடுச்சோன்னு பயம் வர அளவுக்கு?"

"அது சி.டி. ஸ்கேனுக்குப் போடற மருந்து மேடம். அது வேற, இது வேற. இதுக்கு அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்ல."

நெருப்பு ஓடியதாகச் சொன்னது கிரேன்காரன். ஸ்கேன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அவள் நேற்று அதை இவர்களிடம் சொன்னாள். சைரன் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். பரீட்சை அறையில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற முகம் அது.

டீச்சர் விரலால் மூன்றாவது கட்டத்தைத் தொட்டார். "இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறுதே. எதை வச்சு?"

"எடையை வச்சு. நானே தராசுல ஏத்திப் பார்த்துடுவேன். எடையை மட்டும் யாரும் உண்மையா சொல்ல மாட்டாங்க. எடையைத் தனியா எழுதி வைக்கறதில்ல. மருந்தை எழுதினா போதும், அதுலயே எடை இருக்கு."

"எப்படி?"

"இந்த மருந்துக்குக் கணக்கு சுலபம். அஞ்சு கிலோவுக்கு ஒரு மில்லி."

டீச்சர் நோட்டில் ஒரே ஒரு எண்ணை எழுதி மூடினார். சைரன் மூலையில் இருந்த தராசில் ஏறிப் பார்த்துவிட்டு, யாரும் கவனிப்பதற்குள் இறங்கினார்.

"உங்களுக்குப் பதினேழு மில்லி வேணும்" என்றாள் டெக்னீஷியன்.

"எனக்கு வேண்டாம்மா. என் நெஞ்சைப் படம் எடுத்தா உள்ள டீச்சர் திட்டினது மட்டும்தான் வெள்ளையா தெரியும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாசல்வரை கூடவே வந்தாள். "என் பேர்ல தப்பு இல்லன்னா ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். தப்பு இருந்தாலும் சொல்லிடுங்க. இப்படி நடுவுல நிக்க முடியல."

*

கிரேன்காரன் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருந்தது. முன் அறையில் தையல் மெஷின், பாதி தைத்த நீல நிறச் சீருடைகள், சுவரில் ஒரு போட்டோ. போட்டோவில் கிரேன்காரனும் அவன் தம்பியும் தோளில் கைபோட்டு நின்றார்கள். ஒரே மூக்கு, ஒரே நெற்றி, ஒரே மாதிரிச் சிரிப்பு. ஆனால் அண்ணன் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறவன், தம்பி கதவிடுக்கில் நுழைந்துவிடுகிறவன்.

"சின்னவர்" என்றாள் தையல்காரி, சைரன் பார்ப்பதைப் பார்த்து. "இவருக்கு ஒரே தம்பி. கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை. லீவுல வந்திருந்தார். ஸ்கேனுக்கு இவர்கூட துணைக்குப் போனதே அவர்தான். இப்போ கப்பலுக்குத் திரும்பிட்டார்."

கிரேன்காரன் நாற்காலியில் இருந்து எழவில்லை. எழுந்திருந்தால் நாற்காலி நன்றி சொல்லியிருக்கும். "நான்தான் வேண்டாம்னு சொன்னேனே. எதுக்கு இவங்களையெல்லாம் கூப்பிட்டு" என்று மனைவியிடம் முனகினான்.

"அஞ்சு நிமிஷம்தான்" என்று டீச்சர் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "உங்க புகார்ல ஒரு பாதி சரி. அது உங்க நெஞ்சு இல்ல."

தையல்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் திரண்டு விழுந்தது. ஒன்பது நாளாக அவள் காத்திருந்த வார்த்தை. சைரன் கிரேன்காரனைத்தான் கவனித்தார். வழக்கு ஜெயித்தவன் முகம் மாதிரியே இல்லை அது.

"ஆனா படம் மாறல" என்றார் டீச்சர். "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு நீங்கதானே தைக்கறீங்க. மார்பு எத்தனை இஞ்ச்?"

"நாற்பத்தாறு. போன வருஷம் நாற்பத்து நாலு. எதுக்கு?"

"எடை?"

"தொண்ணூறைத் தாண்டியாச்சு. கல்யாணத்தப்பவே எழுபத்தெட்டு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் சிரித்தாள்.

டீச்சர் நோட்டைத் திறந்து அவளிடம் நீட்டினார். "உங்க வீட்டுக்காரர் பேர்ல படுத்தவருக்கு அன்னைக்கு ஏத்தின மருந்து பன்னிரண்டரை மில்லி. அஞ்சு கிலோவுக்கு ஒரு மில்லி. அஞ்சால பெருக்குங்க."

தையல்காரி பெருக்கினாள். கணக்கில் அவள் கெட்டி. துணி வெட்டுகிறவள் வேறு எப்படி இருப்பாள். "அறுபத்தி ரெண்டரை" என்றாள். "அறுபத்தி ரெண்டரை கிலோன்னா..." என்று நிறுத்தினாள். கை தானாக மெஷின் இழுப்பறையைத் திறந்து அளவு நோட்டை எடுத்தது. பக்கத்தைத் திருப்பாமலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போன மாதம் லீவு முடிவதற்குள் வேண்டும் என்று இரண்டு பேண்ட் தைத்துக் கொடுத்திருந்தாள். இடுப்பு முப்பது.

"சின்னவர்" என்றாள்.

சைரன் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற கேலி அன்றைக்கு வரவில்லை.

"நீங்க பெஞ்சுல உட்கார்ந்திருந்தீங்களா?" அவள் கணவனைப் பார்த்துக் கேட்டாள். "சின்னவரை உள்ள அனுப்பிட்டு நீங்க வெளிய உட்கார்ந்திருந்தீங்களா?"

கிரேன்காரன் தலையைக் குனிந்துகொண்டான். பேச ஆரம்பித்தபோது குரல் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் சின்னதாக இருந்தது.

"எனக்கு ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆறு மாசமாவே படபடப்பு. படம் எடுத்தா மாட்டிக்குவேன்னு பயம். கிரேன் தவிர எனக்கு என்ன தெரியும்? ராத்திரி சாப்பிடும்போது அவன்தான் சொன்னான். 'ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. அடையாள அட்டை போட்டோல எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்காங்க. நான் போய் படுத்துட்டு வரேன்ணா, அரை மணி நேரம்தானே'ன்னு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன்."

"அந்த நெருப்பு?" என்றார் டீச்சர்.

"சைட்ல ஒருத்தன் அவனுக்கு ஸ்கேன் எடுத்தப்போ சொன்னது. எல்லா ஸ்கேனும் அப்படித்தான்னு நினைச்சேன்."

பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதியது நடு வரியில் மாட்டிக்கொண்டது. ஆனால் டீச்சர் முகத்தில் ஒரு சொட்டு சந்தோஷம் இல்லை. "ரிப்போர்ட் வந்து ஒன்பது நாள் ஆச்சு. உங்க தம்பிக்கு எப்போ சொன்னீங்க?"

அவன் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தான்.

"கப்பல் எப்போ கிளம்புச்சு?"

"நாலு நாள் முன்னாடி." அவன் எண்ணிப் பார்க்கவில்லை. இந்தக் கணக்கை அவன் தினமும் போட்டிருக்கிறான். "அஞ்சு நாள் துறைமுகத்துல சரக்கு ஏத்திட்டு இருந்தாங்க. அஞ்சு நாளும் போன் பண்ணேன். சொல்லணும்னுதான் பண்ணேன். அவன் எடுத்த உடனே 'வேலைக்கு ஏறிட்டியாண்ணா'ன்னு கேட்பான். நான் அங்க மழையான்னு கேட்பேன். வச்சுடுவேன். சொன்னா அவனைக் கப்பல்ல இருந்து இறக்கிடுவாங்க. எனக்காகப் போய் படுத்தவன். அவன் வேலையைப் பறிச்சு, அவனுக்கு ஒரு சாவையும் கையில கொடுத்து... நான் எப்படிங்க சொல்வேன்? ஒருவேளை நிஜமாவே படம் மாறியிருக்கும்னு நானே நம்ப ஆரம்பிச்சேன். ராத்திரியெல்லாம் அதை வேண்டிட்டு இருந்தேன்."

தையல்காரி மெஷின்மேல் கிடந்த சீருடையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். திட்டியிருந்தால் கூட அவன் தாங்கியிருப்பான்.

*

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆனால் எதுவும் நகரவில்லை.

தம்பியின் கைபேசி எல்லைக்கு அப்பால் இருந்தது. டீச்சர் கப்பல் கம்பெனி ஆபீசைப் பிடித்தார். நான்கு பேர் கைமாறி, ஐந்தாவதாக ஒரு அதிகாரி வந்தார். டீச்சர் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னார்.

"மேடம், எங்க ஆள் மெடிக்கல்ல தேறி வந்திருக்கார். இருதயத்துல கோளாறுன்னு அவர் பேர்ல ஒரு டாக்டர் ரிப்போர்ட் இருந்தா அனுப்புங்க. உடனே கேப்டனுக்குச் சொல்றேன்."

"ரிப்போர்ட் இருக்கு. அவர் அண்ணன் பேர்ல இருக்கு."

"அண்ணனுக்கு உடம்பு சரியில்லன்னு தம்பியை எப்படி மேடம் வேலையில இருந்து நிறுத்தறது?"

அந்த ஒரு வெள்ளைப் பட்டைதான் தம்பிக்கு இருந்த ஒரே சாட்சி. அதில் அண்ணன் பெயர் எழுதியிருந்தது. டீச்சர் போனைக் கையால் மூடிக்கொண்டு கிரேன்காரன் பக்கம் திரும்பினார்.

"நடந்ததை உங்க கைப்பட எழுதிக் கொடுக்கணும். எழுதினா உங்க லைசென்ஸ் போகும். ஆள் மாறாட்டத்துக்குக் கேஸும் வரலாம். முன்னாடியே சொல்லிடறேன்."

அவன் பேனாவை வாங்கினான். நாற்பது மாடி உயரத்தில் ஒரு பாறாங்கல்லை ஊசி முனையில் இறக்கி வைக்கிற கை, அந்த நாலு வரியை இரண்டு முறை அடித்துத் திருத்தி எழுதியது. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, தம்பியின் பெயரை எழுதிய இடத்தை மட்டும் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். சைரன்தான் காகிதத்தை மெல்ல உருவிப் படம் எடுத்து அனுப்பினார்.

டீச்சர் டெக்னீஷியனையும் கூப்பிட்டுப் பதிவேட்டின் படத்தை அனுப்பச் சொன்னார். "உங்க மேல தப்பு இல்லம்மா. ஆளே மாறி வந்திருக்காங்க."

அவள் பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் கேட்டது. உடனே நின்றது. "அப்போ அந்தத் தழும்பு, சிரிச்சுக்கிட்டே இருந்தாரே அவருக்கா?" என்றாள்.

இருபது நிமிடத்தில் அதிகாரி திரும்பக் கூப்பிட்டார். இப்போது அவர் குரலில் ஆபீஸ் இல்லை. "கேப்டன்கிட்ட பேசிட்டேன். அவரை இன்ஜின் ரூம்ல இருந்து மேல வரச் சொல்லியிருக்காங்க. இனிமே அவருக்கு வேலை கிடையாது, படுத்துத்தான் இருக்கணும். அடுத்த துறைமுகம் இன்னும் பதினோரு நாள். இப்பவே திருப்பினாலும் கிட்டத்துல இருக்கற கரைக்கு மூணு நாள் ஆகும். ஹெலிகாப்டர் அவ்வளவு தூரம் வராது. திருப்பறதா வேண்டாமான்னு மேலிடத்துல பேசிட்டு இருக்காங்க."

"கப்பல்ல டாக்டர்?" என்றார் சைரன்.

"இல்லைங்க. முதலுதவி படிச்ச ஆபீசர் ஒருத்தர் இருக்கார்."

"நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கற பெட்டி?"

"ஒண்ணு இருக்கணும். கேட்டுச் சொல்றேன்."

"இன்ஜின் ரூம்ல இருந்து மேல வர எத்தனை ஏணி?"

"அஞ்சு, ஆறு இருக்கும். ஏன் சார்?"

மாடிப்படி கூட ஏறக்கூடாது என்ற நெஞ்சை அவர்கள் ஆறு ஏணி ஏறி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏற வேண்டாம் என்று சொல்லவும் இனி நேரம் இல்லை, இந்நேரம் பாதி ஏறியிருப்பான். சைரன் எழுந்து நின்றார். இருபத்தெட்டு வருடப் பழக்கம், ஒரு நெஞ்சு நிற்கப்போகிறது என்று கேட்டால் அவர் கால் தானாக வாசலுக்குப் போகும். நான்கு நிமிடம், அதற்குள் போய்விட்டால் ஏதாவது செய்யலாம். எந்த நெரிசலிலும் ஒரு சந்து கண்டுபிடித்திருக்கிறார். இப்போது வாசல் வரை போய், அங்கிருந்து எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். கீழே அவர் கார் வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

"உட்காருங்க சைரன்" என்றார் டீச்சர். திட்டுகிற குரல் இல்லை.

"எனக்கு உட்காரத் தெரியல டீச்சர்."

போன் மறுபடி அடித்தது. கப்பலின் செயற்கைக்கோள் போனில் இணைப்புக் கொடுப்பதாக அதிகாரி சொன்னார். ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல், அதற்குள் ஒரு குரல். மூச்சு வாங்கியது. உயிரோடுதான் இருந்தான். தையல்காரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"யாரு? அண்ணாவா? என்னண்ணா, கப்பலுக்கே போன் போட்டுட்ட. கேப்டன் என்னைக் கட்டில்ல படுக்கச் சொல்றார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. வீட்ல யாருக்காவது ஏதாவதா? அண்ணி நல்லா இருக்காங்களா?"

"அண்ணி இங்கதான் இருக்கா." கிரேன்காரன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இன்னொரு முறை மழையைப் பற்றிக் கேட்டுவிடுவானோ என்று சைரனுக்குப் பயமாக இருந்தது.

"அந்த ஸ்கேன் ரிப்போர்ட் வந்துச்சுடா."

"வந்துடுச்சா? எப்போ?"

"ஒன்பது நாளாச்சு. அதுல தழும்பு இருக்குன்னு போட்டிருக்கு. பெருசா. நெஞ்சு எப்ப வேணா நின்னுடலாம்னு சொல்றாங்க. நான் உங்கிட்ட சொல்லலடா. சொல்ல முடியல. அஞ்சு நாள் சொல்லாம விட்டுட்டேன்."

அவன் வார்த்தை வானத்துக்குப் போய் கடலுக்கு இறங்க இரண்டு விநாடி ஆயிற்று. அதற்கு மேலும் இரண்டு, அதற்கு மேலும். இரைச்சல் மட்டும் கேட்டது. டீச்சர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அது நான் படுத்து எடுத்ததுதானே" என்றது குரல், மெதுவாக.

"ஆமாடா."

"அப்போ அந்தத் தழும்பு எனக்குத்தான்."

"ஆமாடா."

மறுபடியும் அந்த இரண்டு விநாடி. பிறகு தம்பி ஒரு பெரிய மூச்சு விட்டான். பாரம் இறங்கினவன் விடுகிற மூச்சு அது.

"நல்லவேளை. ரிப்போர்ட் வந்துச்சுன்னதும் உனக்குத்தான் ஏதோன்னு பயந்துட்டேன். அப்போ உன் நெஞ்சு நல்லா இருக்குல்லண்ணா?"

கிரேன்காரன் வாயைத் திறந்தான். அவன் நெஞ்சை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை.